பைக்கு ஒரு விலை வேண்டும்

சந்தைக்குப் புறப்படுகிறவர் கையில் பை இருக்க வேண்டும் என்பதை முற்காலத்தில் எவரும் எவருக்கும் போதிக்கவில்லை. தோளில் துண்டு போல, கையில் பையும் தானாகவே வந்து சேர்ந்தது. எண்ணெய்க்குத் தூக்கு, மீனுக்கு ஓலைக் கொட்டான், நெல்லுக்கும் அரிசிக்கும் கோணிச் சாக்கு, பூவுக்கு வாழையிலை என்று பண்டத்துக்கேற்ற கலம் ஒவ்வொரு வீட்டிலும் இருந்தது. ஒரு பை கிழிந்தால் அதைத் தைத்தார்கள். தைக்க இயலாத நிலை வந்தால் அடுப்படித் துணியாக்கினார்கள். இன்று நிலைமை நேர்மாறாகிவிட்டது. கையை வீசிக்கொண்டு கடைக்குப் போகிறோம். விரலுக்கொரு பையாக மாட்டிக்கொண்டு திரும்புகிறோம். வீடு வந்ததும் பண்டம் டப்பாவுக்குள் போகிறது. பை தெருவுக்குப் போகிறது.

இம்மாற்றத்தை உண்டாக்கியது எது? பலவற்றைச் சொல்லலாமாயினும், முதற்காரணம் 'சும்மா' என்னும் ஒரு சொல்லே. கடையில் பை சும்மா கிடைக்கிறது. ஆகையால் வீட்டிலிருந்து பை கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லாமற் போயிற்று. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஆனால் தானமாக வரும் இந்தப் பையின் பல்லை மட்டும் பிடித்துப் பார்த்தே தீரவேண்டும். பைக்கு விலை வைத்த நாடுகளின் அனுபவம் யாது, அதிலிருந்து நமது கிராமங்கள் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்பவற்றை ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

பையின் கதை

பாலிதீன் என்னும் பொருள் 1933-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஓர் இரசாயன ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கிடைத்தது. 1960-களில் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் துலின் என்பார், கைப்பிடியும் பையும் ஒரே துண்டாக அமையும் வடிவத்தை உருவாக்கினார். நாம் 'கவர்' என்றும் 'கேரி பேக்' என்றும் வழங்கும் பை அதன் வழிவந்ததே. சில கிராம் எடையுள்ள அந்தப் பை பல கிலோ பண்டத்தைத் தாங்கும், நீர் புகாது, விலையும் மிகக் குறைவு. இக்குணங்களை மறுப்பதற்கில்லை. பொருளில் உள்ள குணம் குற்றமன்று. அரை மணி நேர வேலைக்காகப் பல தலைமுறைக் காலம் அழியாத பொருளை உபயோகித்து எறிவதே குற்றம்.

இலவசம் என்பது உண்மையில் இலவசமா?

வியாபாரி பைகளைப் பணம் கொடுத்தே வாங்குகிறார். அச்செலவைப் பருப்பின் விலையிலும் புளியின் விலையிலும் சேர்த்துத்தான் அவர் கடையை நடத்த முடியும். ஆகவே, பை கொண்டுவந்தவரும் கொண்டுவராதவரும் ஒரே அளவில் அச்செலவைத் தாங்குகின்றனர். சிக்கனமாக இருப்பவருக்கு ஒரு பயனுமில்லை. அசட்டையாக இருப்பவருக்கு ஒரு நஷ்டமுமில்லை. இது முதல் செலவு.

இரண்டாம் செலவு கடைக்கு வெளியே ஏற்படுகிறது. கணக்குக்காக 500 குடும்பங்கள் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 பைகள் வீதம் வந்தால், நாளொன்றுக்கு 1,000 பைகள். ஆண்டொன்றுக்கு 3,65,000 பைகள். இவற்றைப் பொறுக்க வேண்டியவர் தூய்மைக் காவலர். வாங்கி வைக்க இடம் தேட வேண்டியது பஞ்சாயத்து. பொறுக்கப்படாமல் தப்பியவை காற்றில் பறந்து சாக்கடையிலும், வாய்க்காலிலும், மதகின் வாயிலும் போய் அடைகின்றன. மதகு அடைந்தால் கடைமடை விவசாயிக்குத் தண்ணீர் எட்டாது. தேங்கிய நீரில் கொசு பெருகும். வயலில் புதைந்த பாலிதீன் தாள் நீர் கீழிறங்குவதைத் தடுத்து, வேரின் வழியையும் மறிக்கிறது. ஒன்றாகக் கூட்டி எரித்துவிடலாமே என்று சிலர் நினைப்பர். அவ்வாறு எரிப்பதால் எழும் புகை மூச்சுக்குக் கேடு. சட்டமும் அதை அனுமதிக்கவில்லை.

மூன்றாம் செலவு கால்நடையின் வயிற்றில் விழுகிறது. மாடு தீனியை முதலில் நன்கு மெல்லாமல் விழுங்கி, பிறகு அசைபோடும் பிராணி. எஞ்சிய சோற்றையும் காய்த் தோலையும் பைக்குள் போட்டு முடிச்சிட்டு எறிகிறோம். முடிச்சை அவிழ்க்க மாட்டுக்குக் கையில்லை. வாசனையை நாடிப் பையோடு விழுங்கிவிடுகிறது. விழுங்கிய பாலிதீன் செரிப்பதில்லை. இரைப்பையிலிருந்து அடுத்த அறைக்குப் போகவும் வழியில்லை. நாளடைவில் அது கயிறு போல் முறுக்கிக்கொண்டு இடத்தை அடைத்துவிடுகிறது. மாடு தீனி குறைக்கும், பால் வற்றும், வயிறு உப்பி மெலியும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியிலுள்ள கால்நடை மருத்துவமனையில் ஒரு பசுவுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சை செய்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுக்கப்பட்டது. அப்பசு பிழைத்தது. நோய் இன்னதென்று கடைசிவரை தெரியாமலே இறந்துபோகும் மாடுகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் குடும்பத்துக்கு இலவசப் பையின் உண்மையான விலை எவ்வளவு என்பதை இங்கே காணலாம்.

அயர்லாந்து கற்பித்த பாடம்

பைக்கு விலை வைத்து வெற்றி கண்ட நாடுகளில் அயர்லாந்து முதன்மையாகப் பேசப்படுகிறது. அந்நாட்டரசு 2002 மார்ச்சு 4 முதல் கடையில் தரப்படும் ஒவ்வொரு பிளாஸ்டிக் பைக்கும் 15 செண்ட் தீர்வை விதித்தது. வியாபாரி அத்தொகையைத் தாமே ஏற்றுக்கொள்ளலாகாது. வாங்குபவரிடமே பெற்று, இரசீதில் தனியாகக் காட்ட வேண்டும் என்பது விதி. பச்சை இறைச்சி, மீன், சில்லறைக் காய்கனி ஆகியவற்றுக்குரிய சிறு பைகளுக்கு விலக்கு உண்டு. 70 செண்டுக்குக் குறையாத விலைக்கு விற்கப்படும், மீண்டும் மீண்டும் உபயோகிக்கத்தக்க பைகளுக்கும் தீர்வை இல்லை. வசூலான தொகை சுற்றுச்சூழல் நிதி ஒன்றில் சேர்க்கப்பட்டது.

இதன் பயன் வியக்கத்தக்கது. தீர்வைக்கு முன் ஆண்டொன்றுக்கு ஒருவருக்குச் சுமார் 328 பைகள் செலவாயின. தீர்வைக்குப் பின் அது 21 ஆகக் குறைந்தது. தெருக் குப்பையில் நூற்றுக்கு 5 பங்காக இருந்த பைகள் ஒரு பங்குக்கும் கீழாயின.

இங்கே நாம் ஆழ்ந்து கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. 15 செண்ட் என்பது அந்நாட்டாருக்குப் பெருந்தொகையன்று. கடையில் செலவிடும் பணத்தோடு ஒப்பிட்டால் அது கண்ணுக்கே தெரியாது. அவ்வாறிருந்தும் பழக்கம் மாறியது ஏன்? விலை வைத்ததனால் கடைக்காரர் ஒரு கேள்வி கேட்க வேண்டியதாயிற்று: "பை வேண்டுமா?" அதுவரை கேட்காமலே கொடுக்கப்பட்டது, கேட்காமலே வாங்கப்பட்டது. கேள்வி எழுந்தவுடன் வாங்குபவர் ஒரு கணம் யோசித்தார். 'இந்த இரண்டு வாழைப்பழத்துக்குப் பை எதற்கு?' என்று தோன்றிற்று. மறுநாள் வீட்டிலிருந்து புறப்படும்போதே பையின் நினைவு வந்தது. ஆகவே விலையின் வேலை பணம் சேர்ப்பதன்று. மறந்துபோன நினைவைத் தட்டி எழுப்புவதே.

விலை குறைந்தால் வழக்கம் திரும்பும்

அயர்லாந்திலும் காலப்போக்கில் 15 செண்ட் பழகிப்போயிற்று. பைகளின் எண்ணிக்கை மெல்ல ஏறத் தொடங்கியது. அதனால் 2007 சூலையில் தீர்வை 22 செண்டாக உயர்த்தப்பட்டது. தென்னாப்பிரிக்காவின் அனுபவம் வேறுவகையானது. 2003-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பைக்கு 46 செண்ட் விலை வைக்கப்பட்டது. உபயோகம் சட்டென்று குறைந்தது. பின்னர்ப் பை உற்பத்தியாளர், வியாபாரிகள் ஆகியோரின் முறையீட்டால் விலை குறைக்கப்பட்டது. உபயோகம் மீண்டும் ஏறிற்று. மனத்தில் உறைக்காத விலை, விலை வைக்காததற்கே சமம் என்பதை இது காட்டுகிறது.

இங்கிலாந்து மற்றொரு பாடத்தைத் தருகிறது. அங்கே பெரிய கடைகளில் 2015 அக்டோபர் முதல் பைக்கு 5 பென்னி பெறப்பட்டது. 2021 மே மாதம் அது 10 பென்னியாக்கப்பட்டு எல்லாக் கடைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. முன்னணிக் கடைகளில் 2014-இல் ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 140 ஆக இருந்த மெல்லிய பைகள், சில ஆண்டுகளில் 4 ஆகச் சுருங்கின. ஆனால் அக்கடைகள் 'வாழ்நாள் பை' என்ற பெயரில் தடித்த பிளாஸ்டிக் பைகளைக் குறைந்த விலைக்கு விற்றன. 2019-இல் வெளியான கணக்குப்படி, குடும்பம் ஒன்றுக்கு ஓராண்டில் ஏறத்தாழ 54 'வாழ்நாள் பைகள்' விற்கப்பட்டிருந்தன. வாரத்துக்கு ஒன்று வாங்கினால் அது வாழ்நாள் பையன்று, வாரப் பையே. மெல்லியதை விடுத்துத் தடித்ததை எறிவது சீர்திருத்தமாகாது.

தடையும் விலையும்

பையை அடியோடு தடை செய்த நாடுகளும் உண்டு. 1988, 1998 ஆகிய ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் பாலிதீன் பைகள் வடிகால்களை அடைத்துத் துன்பத்தை மிகுவித்தன என்று கண்ட வங்காளதேசம், 2002-ஆம் ஆண்டில் மெல்லிய பாலிதீன் பைகளைத் தடை செய்தது. உலகில் நாடு முழுவதும் இத்தகைய தடையைக் கொணர்ந்த முதல் நாடு அதுவேயாகும். சணல் விளையும் அந்நாட்டில் மாற்றுப் பைக்குப் பஞ்சமில்லை. இருந்தும் கண்காணிப்புத் தளர்ந்ததும், மலிவான மாற்று எல்லாக் கடைகளையும் எட்டாததும் காரணமாகப் பாலிதீன் மீண்டும் தலைகாட்டிற்று. 2024-இல் அரசு தடையைப் புதிதாக வலியுறுத்த நேர்ந்தது.

நமது மாநிலத்தில் 2018 சூன் மாதம் ஆணை பிறப்பிக்கப்பட்டு, 2019 சனவரி 1 முதல் ஒரு முறை உபயோகித்து எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்கள் தடை செய்யப்பட்டன. தடிமன் எதுவாயினும் பிளாஸ்டிக் கைப்பைகள் அப்பட்டியலில் அடங்கும். 2021 டிசம்பர் 23 அன்று 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கப்பெற்றது. 2022-இல் சென்னை கோயம்பேடு அங்காடியில், 10 ரூபாய் இட்டால் மஞ்சள் துணிப்பை தரும் இயந்திரம் நிறுவப்பட்டது. அகில இந்திய அளவில் 2016-ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் கிராமப் பகுதிகளுக்கும் பொருந்துமாறு செய்யப்பட்டு, கிராமப் பஞ்சாயத்துகளின் பொறுப்பும் அவற்றில் வகுக்கப்பட்டுள்ளது.

ஆகையால் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றைத் தெளிவாக மனத்திற்கொள்ள வேண்டும். பைக்கு விலை என்று இங்கே நாம் பேசுவது, பிளாஸ்டிக் பையைக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்ற பொருளிலன்று. நமது மாநிலத்தில் அதற்கு இடமில்லை. அதனைப் பஞ்சாயத்தின் வருவாய்க்கு ஒரு வழியாகக் கருதுவதும் தவறு. தடை கடையின் கதவை அடைக்கிறது; ஆனால் பை இல்லாமல் வந்து நிற்பவரின் கையில் பண்டத்தை எதில் கொடுப்பது என்ற கேள்விக்குத் தடை மட்டும் விடை தருவதில்லை. அவ்விடையை நாம் தராதவரை, ஒளித்து வைத்த பிளாஸ்டிக் பை பின்கதவு வழியாக வந்துகொண்டுதான் இருக்கும். விலையும் முன்பணமும் வைத்துத் துணிப்பையைக் கைக்கெட்டும்படி செய்வதே அவ்விடை.

எந்தப் பை நல்ல பை?

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வொன்று, பைகளை உண்டாக்குவதால் வெளியேறும் வெப்ப வாயுக்களைக் கணக்கிட்டது. ஒரு முறை மட்டும் உபயோகிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக, காகிதப் பையை 3 முறையும், தடித்த பிளாஸ்டிக் பையை 4 முறையும், பாலிபுரோப்பிலீன் பையை 11 முறையும், பருத்திப் பையை 131 முறையும் உபயோகிக்க வேண்டும் என்பது அதன் முடிவு. பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் உரமும், நூற்க நெய்ய மின்சாரமும் செலவாவதே இதன் காரணம்.

இதைக் கேட்டுத் துணிப்பை வீண் என்று எவரும் முடிவு செய்துவிட வேண்டாம். இவ்வெண்கள் வாயுக் கணக்கை மட்டும் கொண்டவை. பசுவின் வயிற்றையும் மதகின் வாயையும் அக்கணக்கில் சேர்க்கவில்லை. மேலும் 131 என்ற எண்ணைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. வாரச் சந்தைக்கு மட்டும் எடுத்துச் சென்றால் இரண்டரை ஆண்டுகளில் அந்த எண் நிறையும். நாள்தோறும் கடைக்கு எடுத்துச் சென்றால் நாலரை மாதத்தில் நிறையும். உறுதியான துணிப்பை அதற்குமேலும் உழைக்கும். பழைய வேட்டி, சேலை, திரைச்சீலை முதலியவற்றில் தைத்த பையோ தன் கடனை முன்னரே தீர்த்துவிட்ட பை. அதனினும் சிறந்த பை வேறில்லை.

ஆனால் இந்த ஆய்விலிருந்து ஓர் எச்சரிக்கையையும் நாம் பெறுகிறோம். கல்யாண வீட்டிலும் கூட்டங்களிலும் துணிப்பைகளை இலவசமாக வாரி வழங்கி, அவை வீட்டு மூலையில் குவிந்து கிடந்தால் பயனில்லை. பையின் சிறப்பு அது எந்தப் பொருளால் ஆனது என்பதில் பாதி. எத்தனை முறை சந்தைக்குப் போய்வந்தது என்பதில் மறுபாதி.

வேறு சில மயக்கங்களையும் இங்கே நீக்கிக்கொள்ள வேண்டும். துணி போலத் தோன்றும், நெய்யப்படாத பைகள் பல கடைகளில் வழங்கப்படுகின்றன. அவையும் பாலிபுரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக்கே. 2018-ஆம் ஆண்டு ஆணையின் பட்டியலில் அவையும் இடம்பெற்றன. ஒரு நூலை உருவிப் பாருங்கள்: நெய்த துணியாயின் இழை தனியே வரும், இதில் வராது. அடுத்து, 'மக்கும் பை' என்று அச்சிட்டவை. தரச்சான்று பெற்றவையும் உர ஆலையின் வெப்பத்தில் மக்குமாறு அமைந்தவையே. வரப்போரத்திலும் குளத்திலும் எறிந்தால் விரைந்து மக்கிவிடும் என்று நம்புவதற்கில்லை. மூன்றாவது, உரச் சாக்கு. அது உழைக்கும் சாக்குத்தான். ஆயினும் உரமும் பூச்சி மருந்தும் வந்த சாக்குகளில் உணவுப் பண்டங்களை எடுத்துச் செல்லலாகாது.

பண்டத்துக்கேற்ற கலம்

ஒரே பையால் எல்லாப் பண்டங்களையும் சுமக்க முயல்வதே பலருக்குத் தொல்லையாகிறது. கீழ்க்கண்ட முறை பழையதாயினும் இன்றும் பொருந்துவது:

காய்கறிக்கு: அகன்ற வாயுள்ள துணிப்பை அல்லது பின்னிய வயர்க்கூடை. வயர்க்கூடையும் பிளாஸ்டிக்கினால் ஆனதே. எனினும் பத்தாண்டு உழைக்கும் கூடையை ஒரு நாளில் எறியும் பையோடு ஒன்றாக எண்ணுதல் முறையன்று.

அரிசி, பருப்பு, மாவுக்கு: நெருங்க நெய்த துணியில் தைத்த, வாயைச் சுருக்கிக் கட்டும் சிறு பைகள். நான்கைந்து பைகளைப் பெரிய பைக்குள் மடித்து வைத்துவிட்டால் மறதிக்கு இடமில்லை.

எண்ணெய், பால், தயிருக்கு: மூடியுள்ள தூக்கு அல்லது புட்டி.

மீன், இறைச்சிக்கு: மூடியுள்ள எவர்சில்வர்ப் பாத்திரம். பனையோலைக் கொட்டானுக்குள் வாழையிலை விரித்தும் கொண்டுவரலாம். இவற்றைத் துணிப்பையில் நேராக இடுதல் சுகாதாரமன்று.

பூ, வெற்றிலை, சிற்றுண்டிக்கு: வாழையிலை, மந்தாரை இலை, தேக்கிலை. அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் சூடான பலகாரத்தைச் செய்தித்தாளில் நேராக மடிக்கலாகாது.

துணிப்பையை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் உலர்த்துவது அவசியம். பனையோலைப் பெட்டி முடைவோரும் வயர்க்கூடை பின்னுவோரும் பல ஊர்களில் இன்னும் இருக்கின்றனர். நம் கையில் கூடை ஏறினால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும்.

பஞ்சாயத்து செய்யத்தக்கது

கூலி வேலை முடித்து மாலையில் நேரே கடைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துப் பாருங்கள். களைக்கொத்தும் தூக்குச்சட்டியும் கையில் இருக்கும், பை இராது. அன்றைய கூலியில் அரிசியும் காயும் வாங்கிக்கொண்டு விரைந்து வீடு சேர வேண்டும். "பை கொண்டுவராதது உன் குற்றம், புதுப்பை வாங்கு" என்று அவரிடம் சொல்வது நியாயமாகாது. மறந்தவரைத் திருத்துவதற்காக வைத்த விலை, வசதியில்லாதவரைத் தண்டிப்பதாக முடிந்துவிடக் கூடாது. இத்திட்டத்தின் கடினமான இடம் இதுவே. இதற்கு விடை காணாத திட்டம் ஊரில் நிலைக்காது.

அவ்விடை முன்பணப் பை ஆகும். இம்முறை நமக்குப் புதிதன்று. சோடாக் கடையில் புட்டியைத் திருப்பித் தந்து முன்பணம் பெற்றதைப் பெரியவர்கள் அறிவர். நீலகிரி மாவட்டத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் மதுப் புட்டிகளுக்குக் கூடுதலாக 10 ரூபாய் பெற்று, காலிப் புட்டியைத் திருப்பித் தந்தால் அத்தொகையைத் திரும்பக் கொடுக்கும் ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. காட்டில் எறியப்பட்ட புட்டிகள் கடைக்குத் திரும்பலாயின. அதே முறையைப் பைக்கும் கையாளலாம்.

முதலாவதாக, ஊரிலுள்ள மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒரே அளவும் ஒரே நிறமும் உள்ள உறுதியான துணிப்பைகளைத் தைக்கச் செய்து, பஞ்சாயத்தின் பெயரை அச்சிட வேண்டும். குடும்பத்துக்கு இரண்டு என்ற கணக்கில் தொடங்கலாம்.

இரண்டாவதாக, பை தைக்க ஆகும் செலவை அறிந்து, முன்பணம் அதற்குக் குறையாதவாறு வைக்க வேண்டும். கணக்குக்காகச் செலவு 20 ரூபாய் எனக் கொள்வோம். முன்பணமும் 20 ரூபாய் ஆனால், திரும்பிவராத ஒவ்வொரு பைக்கும் ஈடாகப் புதுப்பை தைக்கப் பணம் பெட்டியில் இருக்கும். முன்பணத்தை 5 ரூபாயாக வைத்தால் பையும் திரும்பாது. நிதியும் சில மாதங்களில் கரைந்துவிடும். தென்னாப்பிரிக்காவின் பாடத்தை இங்கே நினைவுகூர்க.

மூன்றாவதாக, ஒரு கடையில் எடுத்த பையை ஊரில் எந்தக் கடையிலும் திருப்பித் தரலாம் என்று இருக்க வேண்டும். மேற்சொன்ன பெண் மாலையில் 20 ரூபாய் கட்டிப் பை எடுத்து, மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் திருப்பித் தந்தால் அவருக்கு ஒரு காசும் நஷ்டமில்லை. அன்றைக்கு 20 ரூபாயும் கையில் இல்லாதவருக்குக் கடைக்காரர் பற்றுக் கணக்கில் எழுதிக்கொடுக்கலாம்.

நான்காவதாக, ஊரிலுள்ள எல்லாக் கடைகளும், வாரச் சந்தை வியாபாரிகளும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். ஒரு கடையில் பிளாஸ்டிக் பை சும்மா கிடைத்து, மற்றொரு கடையில் கிடைக்காவிடில், சட்டத்தை மதித்த வியாபாரி வாடிக்கையை இழப்பார். நேர்மை நஷ்டத்துக்குரியது என்று அவர் கற்றுக்கொள்ளும்படி பஞ்சாயத்து விட்டுவிடலாகாது. ஆகவே வியாபாரிகளை முன்கூட்டி அழைத்துப் பேசி, கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, நாள் குறிக்க வேண்டும். பிளாஸ்டிக் பைக்கென முன்பு செலவிட்ட தொகையில் ஒரு பகுதியை அவர்கள் பை நிதிக்குத் தர இசையலாம். கிழிந்த பைகளைச் செப்பனிட அது உதவும்.

ஐந்தாவதாக, கணக்கு. தைத்த பைகள், கடைகளுக்குக் கொடுத்தவை, வெளியே சென்றவை, திரும்பியவை, கிழிந்தவை, பெட்டியிலுள்ள முன்பணம் என ஆறு பத்திகள் உள்ள ஒரு பேரேடு போதும். மாதம் ஒருமுறை சுருக்கத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டி, கிராம சபையில் படித்துக் காட்ட வேண்டும். பத்து ரூபாய்த் திட்டமாயினும் கணக்குக் காட்டாத திட்டத்தை ஜனங்கள் நம்பமாட்டார்கள்.

ஆறாவதாக, பஞ்சாயத்து அங்கத்தினர்களே முதலில் பையோடு நடமாட வேண்டும். மஞ்சள் பை நம்மை விட்டுப் போனதற்கு மலிவான பிளாஸ்டிக் மட்டும் காரணமன்று. மஞ்சள் பையோடு நகரத்துக்குப் போனவரைப் பட்டிக்காட்டார் என்று சிலர் ஏளனம் செய்தனர்; அந்த வெட்கமும் ஒரு காரணம். கல்யாணத்தில் தாம்பூலத்தோடு மரியாதையாகக் கொடுத்த பைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை. வெட்கப்பட வேண்டியது, அடைபட்ட வாய்க்காலைப் பார்த்துக்கொண்டே அதில் இன்னொரு பையை எறிவதற்குத்தான். தலைவர் கையில் பை இருந்தால் ஊரார் கையில் பை வரும்.

முடிவுரை

தடை ஒரு வேலி. வேலியால் மட்டும் பயிர் விளைவதில்லை. விலை நினைவூட்டுகிறது, முன்பணம் பையைத் திருப்பி அழைக்கிறது, கணக்கு நம்பிக்கையைக் காக்கிறது. இம்மூன்றும் சேர்ந்தால், எவரையும் கடிந்து பேசாமலே ஓர் ஊரின் வழக்கத்தை மாற்றலாம். அவ்வாறு மாறிய ஊரில் கடைமடைக்குத் தண்ணீர் தடையின்றிச் செல்லும்; தொழுவத்து மாடு தீனியை மட்டுமே தின்னும். வாசலில் மாட்டியிருக்கும் பையை எடுத்துக்கொண்டு புறப்படும் பழக்கத்தை நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்பர். அடுத்த சந்தை நாளில் அதைத் தொடங்குவோமாக.

கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. நமது ஊரில் ஒரு நாளில் ஒரு கடையிலிருந்து எத்தனை பைகள் வெளியே செல்கின்றன? ஒரு வாரம் எண்ணிப் பார்த்துக் கிராம சபையில் கூறுக.

2. நமது ஊர் வாய்க்காலில், வடிகாலில் பைகள் அடையும் இடங்கள் எவை? அவற்றைத் தூர்வார ஓராண்டில் ஆகும் செலவு எவ்வளவு?

3. நமது ஊரில் ஒரு துணிப்பை தைக்க என்ன செலவாகும்? முன்பணம் எவ்வளவு வைத்தால் பை திரும்பி வரும்; அதே வேளையில் ஏழைக்குச் சுமையாகாது?

4. வெளியூரிலிருந்து சந்தைக்கு வரும் வியாபாரிகளை இவ்வேற்பாட்டில் சேர்ப்பது எவ்வாறு?

5. ஓலை முடைதல், கூடை பின்னுதல், தையல் ஆகிய தொழில்களை அறிந்தவர் நமது ஊரில் எவரெவர்? அவர்களுக்கு இத்திட்டத்தில் எவ்வாறு வேலை தரலாம்?